என்.எஃப்.1 ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது, அதில் எதை நம்பலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியும். உங்கள் அண்ணன் மகளுக்கு ஏழு வயது. உடம்பில் பால்காபி நிறத்தில் பத்துக்கு மேல் திட்டுகள், அக்குளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், முதுகில் ஒரு பக்கம் மெத்தென்று ஒரு வீக்கம். மருத்துவர் நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1, சுருக்கமாக என்.எஃப்.1 என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் தேடியிருக்கிறீர்கள். ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழுந்திருக்கின்றன. அவற்றில் 'ஆராய்ச்சிப் போக்குகள்' என்று ஒன்று, வண்ணக் குமிழிகள் போட்ட வரைபடத்தோடு. அதில் 'மெக் தடுப்பு மருந்து' என்ற குமிழி பெரிதாக இருந்தது. ஆராய்ச்சி முழுக்க அந்தப் பக்கம்தான் போகிறதா, அப்படியென்றால் அந்த மருந்தை இப்போதே கேட்டு வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு உள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இவள் பெரியவளாவதற்குள் ஏதாவது வந்துவிடுமா, இத்தனை கட்டுரைகளில் எதைப் பிடித்துக்கொண்டு எதை விடுவது என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மரபியல் ஆலோசகர். அதற்கு முன் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் இந்த மரபணுவின் முடிவுகளைப் படித்து அறிக்கை எழுதுகிற வேலையில் இருந்தேன். சிகிச்சை கொடுக்கிற மருத்துவர் அல்ல. அதனால் மருந்து, ஸ்கேன் பற்றி நான் சொல்வதை, குழந்தையைப் பார்க்கிற மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் குமிழி வரைபடம். இந்த வகைக் கட்டுரையை எழுதுபவர்கள் ஒரு தரவுத்தளத்தில் நோயின் பெயரைப் போட்டுத் தேடி, கிடைத்த எல்லாக் கட்டுரைகளின் தலைப்பு, குறிச்சொல், ஆசிரியர், நாடு, மேற்கோள் ஆகியவற்றை ஒரு மென்பொருளில் கொட்டுவார்கள். எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது, எதனோடு சேர்ந்து வருகிறது என்று அது எண்ணிக் காட்டும். எந்த நாடு அதிகம் எழுதுகிறது, எந்த மருத்துவமனைகள் சேர்ந்து எழுதுகின்றன என்பதெல்லாம் இதில் நன்றாகத் தெரியும். அமெரிக்கா முதலில் இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. கட்டுரைக்குள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் இந்த எண்ணிக்கையில் தெரியாது. ஒரு மருந்து வேலை செய்தது என்று சொல்லும் கட்டுரையும், அதே மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லும் கட்டுரையும் ஒரே குமிழியைத்தான் பெரிதாக்கும். ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்ததும் மதிப்புரை, மதிப்புரைக்கு மதிப்புரை என்று வரிசையாக வரும். அந்தக் குமிழி அப்படியும் வீங்கும். அப்புறம், வெறுமனே 'நியூரோஃபைப்ரோமடோசிஸ்' என்று தேடினால் மூன்று தனித்தனி நோய்கள் ஒன்றாக வந்துவிடும். வகை 2 என்று முன்பு சொல்லப்பட்டதற்கு வேறு மரபணு, வேறு கட்டி, வேறு மருந்து. 2022-இல் அதன் பெயரையே மாற்றி ஷ்வானோமடோசிஸ் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். காது நரம்பில் கட்டி, செவித்திறன் இழப்பு, பெவாசிஸுமாப், பிரிகாட்டினிப் மருந்துகள் என்றெல்லாம் நீங்கள் படித்தவை அந்த நோயைச் சேர்ந்தவை. உங்கள் குழந்தைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை, ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு, குடும்பங்களை அதிகம் பயமுறுத்துவது அதுதான். இந்த நோயைப் பற்றி வருகிற கட்டுரைகளில் கணிசமானவை ஒற்றை நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட். ஒரு மருத்துவர் எப்போது ஒரு கேஸை எழுதுவார்? யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தால்தான். குடலில் கட்டி, சிறுநீரக ரத்தக்குழாய் அடைப்பு, முகத்தின் பாதியை மூடிய கட்டி என்று நீங்கள் பார்த்த படங்களெல்லாம் அப்படி வந்தவை. சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டால் இருபதாயிரத்துக்கும் மேல் வரும். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, தங்களுக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். குழந்தைக்குக் கண்டுபிடித்த பிறகு, 'எனக்கும் இந்த மச்சம் இருக்கே' என்று சட்டையைத் தூக்கிக் காட்டுகிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் கட்டுரை வராது. 'யானை மனிதன்' என்று பேர்பெற்ற ஜோசப் மெரிக்கின் படத்தை இந்த நோய்க்கு அடையாளமாகப் பாடப்புத்தகங்களிலேயே வெகுகாலம் போட்டு வந்தார்கள். அவருக்கு இருந்தது பெரும்பாலும் புரோட்டியஸ் என்கிற வேறொரு நோய் என்று 1986-இல் இருவர் வாதிட்ட பிறகுதான் அந்த வழக்கம் குறைந்தது. இணையத்தில் இன்னும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, உறுதியாகத் தெரிந்தது என்ன? 1882-இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஃபிரெட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன் இந்தக் கட்டிகள் நரம்பின் உறையிலிருந்து வருகின்றன என்று காட்டினார். அதன் பிறகு நூறு வருடம் பெரும்பாலும் விவரிப்புதான். 1987-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டில் நோயறியும் விதிகளை வகுத்தார்கள்: ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட திட்டுகள், பருவமடையாத குழந்தைக்கு ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல், அக்குளிலோ தொடை இடுக்கிலோ புள்ளிகள், கண்ணின் கருவிழிப் படலத்தில் சிறு முடிச்சுகள் என்று போகும் அந்தப் பட்டியல். 2021-இல் அதைத் திருத்தினார்கள். மரபணு முடிவும் ஓர் அளவுகோலாகச் சேர்ந்தது. காரணம் 2007-இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பு: திட்டுகளும் புள்ளிகளும் மட்டும் வந்து, கட்டிகளே வராத லீஜியஸ் நோய்க்குறி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வேறு மரபணு. சிறு வயதில் இரண்டையும் தோலை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. உங்கள் குழந்தைக்கு முதுகு வீக்கம் இருப்பதால் லீஜியஸாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் மரபணுப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால், அதைக் கேட்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

மரபணு கிடைத்தது 1990-இல். மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸ் குழுவும் யூட்டாவில் ரே வைட் குழுவும் ஒரே சமயத்தில் 17-ஆம் குரோமோசோமில் அதைப் பிடித்தார்கள். அது செய்யும் புரதத்துக்கு நியூரோஃபைப்ரோமின் என்று பெயர். செல்லுக்குள் ராஸ் என்ற புரதம் 'வளர், பெருகு' என்ற செய்தியைக் கடத்துகிறது. அந்த ராஸை அணைப்பதுதான் நியூரோஃபைப்ரோமினின் முக்கிய வேலை. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே கெட்டுப்போயிருக்க, மற்றதும் நரம்புக்கு உறை போர்த்துகிற ஷ்வான் செல் ஏதோ ஒன்றில் போய்விட்டால், அங்கே ராஸ் அணையாமல் கிடக்கும், கட்டி தொடங்கும். இதுவரை உள்ளதை அடித்துச் சொல்லலாம்.

இங்கிருந்து மருந்துக்கு வர முப்பது வருடம் பிடித்தது. அந்த முப்பது வருடத்தின் கட்டுரைகளைப் படித்தால்தான் இப்போதைய பெரிய குமிழிக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். ராஸ்தான் காரணம் என்றால் ராஸைத் தடுத்தால் போதுமே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ராஸ் வேலை செய்ய அதன் மேல் ஒரு கொழுப்பு வால் ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுதலைத் தடுக்கும் டிப்பிஃபார்னிப் என்ற மருந்தை, வளர்ந்துகொண்டிருக்கும் கட்டி உள்ள குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம்பத் தகுந்த வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிர்ஃபெனிடோன் என்ற மருந்தும் கைகொடுக்கவில்லை. சிரோலிமஸ் கட்டியைச் சுருக்கவில்லை, வளர்ச்சியைச் சில மாதங்கள் மட்டும் தள்ளிப்போட்டது. இதற்கிடையில் எலியில் ஓர் அழகான கண்டுபிடிப்பு வந்தது: ஷ்வான் செல் கெட்டுப்போனால் மட்டும் போதாது, அதைச் சுற்றியுள்ள, நோய் எதிர்ப்பு வேலை செய்யும் மாஸ்ட் செல்களும் சேர்ந்துதான் கட்டியை வளர்க்கின்றன என்றது. அந்த மாஸ்ட் செல்களைக் குறிவைத்து இமாட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 2012-இல் முடிவு வந்தபோது 36 பேரில் 6 பேருக்குத்தான் கட்டி ஐந்தில் ஒரு பங்காவது சுருங்கியிருந்தது. எலிக்கட்டுரை பெற்ற மேற்கோள்களைப் பார்த்தால் நோயே தீர்ந்துவிட்டது என்று தோன்றும்.

என் பார்வையில் உண்மையான திருப்பம் மருந்தில் வரவில்லை, அளவெடுப்பதில் வந்தது. உங்கள் குழந்தையின் முதுகில் இருப்பது பிளெக்ஸிஃபார்ம் வகையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அது உருண்டையான கட்டி இல்லை. வெட்டிவேர்க் கொத்து மாதிரி நரம்பின் கிளைகளோடு கிளையாகப் பரவிக் கிடக்கும். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று ஸ்கேலை வைத்து அளக்கிற வழக்கமான புற்றுநோய் முறை இதற்குச் சரிப்படாது. மெதுவாக வேறு வளரும், அதிலும் குழந்தைப் பருவத்தில் வேகமாகவும் பெரியவர்களிடம் மெதுவாகவும். இரண்டு வருடம் மருந்து கொடுத்துக் கட்டி அப்படியே இருந்தால், மருந்து தடுத்ததா, கட்டியே சும்மா இருந்ததா? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எம்ஆர்ஐ படங்களை அடுக்கடுக்காக எடுத்து, கட்டியின் முழுக் கனஅளவைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். கனஅளவு 20 சதவீதம் மாறினால்தான் மாற்றம் என்று ஓர் எல்லையும் வைத்தார்கள். தோற்றுப்போன டிப்பிஃபார்னிப் சோதனையில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் ஸ்கேன்கள் இங்கேதான் உதவின. சிகிச்சை இல்லாமல் இந்தக் கட்டி எப்படி வளரும் என்பதற்கு அவை ஆவணமாகி, பின்னால் வந்த மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படையாக நின்றன. குமிழி வரைபடத்தில் இந்த வேலை கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியாக இருக்கும். இது நடந்திராவிட்டால் பின்னால் வந்த எதையும் நிரூபித்திருக்க முடியாது.

அதன் பிறகு மெக். ராஸுக்குக் கீழே செய்தி போகிற பாதையில் உள்ள ஒரு புரதம் அது. அதைத் தடுப்பவைதான் மெக் தடுப்பு மருந்துகள். செலுமெட்டினிப் என்ற மருந்தை 24 குழந்தைகளுக்குக் கொடுத்த முதல் கட்ட முடிவு 2016-இல் வந்தது. 17 பேருக்குக் கட்டி 20 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தது. 2020-இல் வந்த அடுத்த கட்டத்தில் 50 குழந்தைகளில் 35 பேருக்கு அப்படி. மூன்று வருட முடிவில் கட்டி மறுபடி வளராமல் இருக்கும் வாய்ப்பு, மருந்து சாப்பிட்டவர்களிடம் 84 சதவீதம். மருந்தில்லாத அதே வயதுக் குழந்தைகளின் பழைய பதிவுகளில் 15. அந்த ஏப்ரலிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. 2025 பிப்ரவரியில் மிர்டமெட்டினிப் என்ற இன்னொன்றுக்கு, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து அனுமதி. அதன் சோதனையில் 56 குழந்தைகளில் 52 சதவீதமும், 58 பெரியவர்களில் 41 சதவீதமும் பலன் கண்டார்கள். செலுமெட்டினிப்பைப் பெரியவர்களிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையும் வந்துவிட்டது. அதில் மருந்துக்கு 20 சதவீதம், வெற்று மாத்திரைக்கு 5. குழந்தைகளிடம் கிடைத்த 70 சதவீதத்தோடு இந்த 20-ஐ அப்படியே பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாது, சோதனை முறை வேறு, வயது வேறு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு இல்லாமல் நடத்திய சோதனையின் எண்ணை எந்த அளவு அடக்கி வாசிக்க வேண்டும் என்பதற்கு இது எனக்கு ஒரு நினைவூட்டல்.

இந்த எண்களில் மறைவாக இருப்பதையும் சொல்ல வேண்டும். சுருங்கியது என்றால் மறைந்தது இல்லை. 2020 ஆய்வில் சரிபாதிக் குழந்தைகளுக்குக் கிடைத்த மிக அதிகபட்சச் சுருக்கமே சுமார் 28 சதவீதம் அல்லது அதற்கு மேல். மீதிப் பாதிக்கு அதைவிடக் குறைவு. ஆனால் வலி குறைந்தது, கை கால் அசைவு கூடியது என்று பல குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன, அது சின்ன விஷயம் இல்லை. மருந்தை நிறுத்தினால் கட்டி மறுபடி வளரலாம். எத்தனை வருடம் கொடுக்க வேண்டும், வளரும் குழந்தைக்குப் பத்துப் பதினைந்து வருடம் கொடுத்தால் என்னாகும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை, ஏனென்றால் அவ்வளவு காலம் இன்னும் ஆகவில்லை. முகப்பரு மாதிரித் தடிப்பு, நகக்கண்ணில் சீழ், வயிற்றுப்போக்கு, வாந்தி எல்லாம் சாதாரணமாக வரும். இதயத்தின் இயக்கம் குறைகிறதா, கண்ணில் மாற்றம் உண்டா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அனுமதியும் எல்லாக் கட்டிக்கும் இல்லை. தொந்தரவு தருகிற, அறுவை சிகிச்சையில் முழுசாக எடுக்க முடியாத பிளெக்ஸிஃபார்ம் கட்டிக்குத்தான். உங்கள் குழந்தைக்கு முதுகில் வலி இல்லை, முதுகுத்தண்டு வளையவில்லை, கட்டி வேகமாக வளரவில்லை என்றால், பெரும்பாலான நிபுணர்கள் எம்ஆர்ஐ எடுத்து வைத்துக்கொண்டு கவனிப்போம் என்றுதான் சொல்வார்கள். அது மருத்துவரின் அலட்சியம் இல்லை. விலையும் நம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற விலை இல்லை. தேவைப்படாத ஒன்றுக்காக நிலத்தை விற்க வேண்டாம்.

மெக் குமிழிக்குப் பக்கத்திலேயே சின்னதாக 'அறிதிறன்' என்று ஒன்று இருந்திருக்கும். ஏழு வயதுக் குழந்தைக்கு என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். இந்த நோய் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் படிப்பில் ஏதோ ஒரு சிரமம் இருக்கிறது: கவனம் நிற்காது, கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதி முடிக்க முடியாது, வடிவங்களைப் புரிந்துகொள்வது கஷ்டம், சிலருக்கு நண்பர்களோடு பழகுவதிலும். இந்தப் பகுதியின் ஆராய்ச்சி வரலாறு, கட்டுரைகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். 2002-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆல்சினோ சில்வாவின் ஆய்வகம், இந்த மரபணு கெட்ட எலிகள் பாதையை மறந்துபோவதற்குக் காரணம் ராஸ் அதிகமாக இயங்குவதுதான் என்று காட்டியது. 2005-இல் அதே குழு, கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரையைக் கொடுத்ததும் எலிகளின் நினைவு சரியானதாகச் சொன்னது. விலை குறைந்த, பழகிய மாத்திரை. எவ்வளவு நம்பிக்கை பிறந்திருக்கும் பாருங்கள். நெதர்லாந்தில் 62 குழந்தைகளுக்குச் சிம்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள், 2008-இல் முடிவு: பலனில்லை. காலம் போதவில்லையோ என்று 84 குழந்தைகளுக்கு ஒரு வருடம் கொடுத்தார்கள், 2013: பலனில்லை. 146 குழந்தைகளிடம் லோவாஸ்டாட்டினையே சோதித்தார்கள், 2016: அதே பதில். மூன்றும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த கவனமான சோதனைகள். எலிக்கட்டுரை பொய்யில்லை, எலியின் நினைவை அளந்த முறையும், குழந்தையின் படிப்பை அளக்கும் முறையும் வெவ்வேறு. நினைவை மருந்தால் சரிசெய்யக்கூடிய வயது இரண்டுக்கும் ஒன்றா என்பதும் தெரியாது. இன்றைக்கும் 'ஸ்டாட்டின் மாத்திரை என்.எஃப்.1 குழந்தைகளின் மூளைக்கு நல்லது' என்று எழுதி வைத்திருக்கும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன. யாராவது அனுப்பினால், எந்த வருடத்தோடு அந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

மெக் தடுப்பு மருந்து படிப்புக்கு உதவுமா என்றும் இப்போது ஆராய்கிறார்கள். உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. குழந்தையின் படிப்புக்கு இன்றைக்கு உதவுவது ஒரு குழந்தை மனநல நிபுணரோ உளவியலாளரோ செய்யும் முழு மதிப்பீடும், பள்ளியில் முன்வரிசையில் இடமும், தேர்வில் கூடுதல் நேரமும்தான். கவனக்குறைபாடு இருந்தால் அதற்கான வழக்கமான மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கும் பலன் தருகின்றன. 'சோம்பேறி' என்ற பட்டம் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

இவ்வளவு சோதனைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் 1996 முதல் இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு அந்த நாட்டின் பாதுகாப்புத் துறையின் நிதியிலிருந்து ஒரு தனித் திட்டமே நடக்கிறது. போருக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. நோயாளிகளின் குடும்பங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களை விடாமல் போய்ப் பார்த்ததன் பலன். 1978-இல் நியூயார்க்கில் தொடங்கிய, இன்று சில்ட்ரன்ஸ் டியூமர் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இயங்கும் அமைப்புக்கும் இதில் பெரிய பங்கு. ஒரு துறையில் கட்டுரைகள் கூடுவதற்கு நோயின் பரவலைவிட இந்த மாதிரி அழுத்தம் அதிகக் காரணமாக இருக்கும். நம் நாட்டிலிருந்து வருபவற்றில் கேஸ் ரிப்போர்ட்டுகளும் ஒரே மருத்துவமனையின் சிறு தொகுப்புகளும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. நம் குழந்தைகளை இருபது வருடம் தொடர்ந்து பார்த்த பெரிய பதிவேடு ஒன்று இருந்தால் உங்களுக்கு இன்னும் நேரான பதில் சொல்ல முடியும்.

இனி மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். பெரியவர்களைக் கேட்டால் அவர்களை அதிகம் வருத்துவது தோலில் வரும் சிறு முடிச்சுகள்தான். பருவ வயதில் தொடங்கி, கர்ப்ப காலத்தில் கூடும். உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் வெகுகாலம் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது தோலில் தடவும் மெக் தடுப்புக் களிம்பு மனிதர்களிடம் சோதனைக்கு வந்திருக்கிறது. உங்கள் அண்ணன் மகள் கல்லூரிக்குப் போகும் காலத்துக்குள் ஏதாவது ஒன்று உருப்படியாக வரும் என்று நான் துணிந்து நம்புகிற இடம் இது. நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை.

பார்வை நரம்பில் வரும் கட்டி 15 முதல் 20 சதவீதக் குழந்தைகளுக்கு இருக்கும். பலருக்குத் தொந்தரவே தராது. பெரும்பாலும் ஆறு வயதுக்குள் தலைகாட்டும் என்பதால் அவள் ஆபத்து அதிகமான காலத்தைக் கிட்டத்தட்டத் தாண்டிவிட்டாள், ஆனாலும் வருடா வருடம் கண் பரிசோதனையை விட வேண்டாம். 2021-இல் மிஷெல் மோன்ஜே, டேவிட் கட்மன் குழுக்கள் சேர்ந்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: இந்த மரபணு கெட்ட எலிக்குட்டிகளைக் குறிப்பிட்ட வயதில் இருட்டில் வளர்த்தபோது அந்தக் கட்டி உருவாகவில்லை. நரம்பு இயங்குவதே கட்டியைத் தூண்டுகிறது என்ற பெரிய உண்மைக்கு அது சான்று. எலியில்தான். குழந்தையின் கண்ணைக் கட்டவோ, செல்பேசி பார்த்ததால்தான் வந்தது என்று நினைக்கவோ அதில் ஒன்றுமில்லை. இதைச் சொல்லக் காரணம், ஒரு அம்மா என்னிடம் அப்படியே கேட்டார்.

பயப்பட வேண்டிய ஒன்றை மறைக்க மாட்டேன். பிளெக்ஸிஃபார்ம் கட்டி புற்றாக மாறலாம். இந்த நோய் உள்ள ஒருவருக்கு நரம்பு உறையில் புற்று வரும் வாய்ப்பு வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால் 8 முதல் 13 சதவீதம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் பருவ வயதுக்குப் பிறகு. இதில் ஆராய்ச்சி நன்றாக முன்னேறியிருக்கிறது: எந்தெந்த மரபணுக்கள் அடுத்தடுத்துப் போவதால் சாதாரணக் கட்டி முதலில் இடைநிலைக் கட்டியாகி, அப்புறம் புற்றாகிறது என்று ஓரளவு வரிசைப்படுத்திவிட்டார்கள். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று 2021 முதல் கட்டுரைகள் வருகின்றன. நம்பிக்கை தருகின்றன, வழக்கமான பரிசோதனையாக இன்னும் ஆகவில்லை. அதுவரை வீட்டில் கவனிக்க வேண்டியது: இரவில் எழுப்புகிற புது வலி, மெத்தென்றிருந்தது கெட்டியாவது, வேகமாகப் பெரிதாவது, கை காலில் புதிதாகப் பலவீனம். இதில் ஒன்று வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. பெண் என்பதால் இன்னொன்று: இந்த நோய் உள்ள பெண்களுக்கு ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் நான்கைந்து மடங்கு. அமெரிக்க வழிகாட்டுதல் 30 வயதிலிருந்தே வருடாந்திர மேமோகிராம் சொல்கிறது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், கோப்பில் எழுதி வையுங்கள்.

என் சொந்த வேலைக்கு நெருக்கமான பகுதி, மரபணுவில் எந்த இடத்தில் பிழை என்பதை வைத்து வருங்காலத்தைச் சொல்ல முடியுமா என்பது. இந்த மரபணு மிகப் பெரியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு பிழைகள் பதிவாகியிருக்கின்றன. மரபணுவே முழுசாக விடுபட்டுப் போனால் நோய் சற்றுக் கடுமையாக இருக்கும். அது செய்யும் புரதத்தின் 992-ஆம் அமினோ அமிலம் ஒன்று மட்டும் விடுபட்டால் தோல் கட்டிகள் வருவதில்லை. 1809-ஆம் இடத்தில் மாறினாலும் அப்படித்தான். 844 முதல் 848 வரை உள்ள இடத்தில் மாறினால் கடுமை அதிகம். இந்த மாதிரித் தெளிவாகச் சொல்லக்கூடியவை மொத்தத்தில் கொஞ்சம்தான். மீதிப் பேருக்கு ஒரே வீட்டில், ஒரே பிழையோடு, அப்பாவுக்கு வெறும் திட்டுகளும் மகளுக்குக் கட்டிகளும் இருக்கும். இப்படி வேறுபட என்ன காரணம் என்பது இந்தத் துறையின் தீராத கேள்விகளில் ஒன்று. ஆகவே 'மரபணு ரிப்போர்ட்டை வைத்து எதிர்காலத்தைக் கணித்துத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மரபணு சிகிச்சை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த மரபணுவின் குறியீட்டுப் பகுதி மட்டும் சுமார் 8,500 எழுத்து நீளம். வழக்கமாக மரபணுவைச் சுமந்து போகும் வைரஸ் ஓடு 4,700 எழுத்துக்கு மேல் தாங்காது. அதனால் புரதத்தின் முக்கியத் துண்டை மட்டும் அனுப்பலாமா, பிழையுள்ள பகுதியைத் தாண்டிப் படிக்க வைக்கலாமா, எழுத்தை அந்த இடத்திலேயே திருத்தலாமா என்று பல வழிகளை ஆய்வகத்தில் முயல்கிறார்கள். உடம்பு முழுக்கப் பரவியிருக்கும் ஷ்வான் செல்களுக்கு எதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதே பெரிய தடை. பத்து வருடத்தில் வந்துவிடும் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டு இதைக் குணப்படுத்துகிறார்கள் என்று யாராவது வந்தால், அது இந்த ஆராய்ச்சிகளில் எதிலும் சேராது.

கடைசியாக, உங்கள் அண்ணன் அண்ணி இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அவர்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றும். சொந்தத்தில் கட்டியதால் இது வரவில்லை. ஒரு பிரதி கெட்டாலே வரும் நோய் இது, இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டியதில்லை. சுமார் பாதிப் பேருக்குப் பெற்றோர் இருவருக்குமே இல்லாமல் புதிதாக உண்டாகிறது. அண்ணி கர்ப்பத்தில் சாப்பிட்டது, கிரகணம் பார்த்தது எதுவும் காரணமில்லை, வீட்டில் பெரியவர்களிடம் அதை நீங்களே சொல்லிவிடுங்கள். முதலில் இருவரின் தோலையும் கண்ணையும் ஒரு மருத்துவர் பார்க்கட்டும். ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருவருக்கும் இல்லையென்றால் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. சில சமயம் பிழை ஒரு பெற்றோரின் கருமுட்டையிலோ விந்திலோ மட்டும் ஒளிந்திருக்கும். குழந்தையின் மரபணுப் பிழை எது என்று முதலில் தெரிந்தால்தான் பெற்றோர் ரத்தத்தில் அதைத் தேடவோ, அடுத்த கர்ப்பத்தில் பார்க்கவோ முடியும். எனவே கர்ப்பமாவதற்கு முன்பே அந்தப் பரிசோதனையை முடித்துவிடச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வர சில வாரங்கள் ஆகும். வந்த பிறகு அதை ஒரு மரபியல் ஆலோசகரிடம் நேரில் காட்டி, இருவரும் சேர்ந்தே போய்க் கேட்கட்டும்.